அச்சத்திலிருந்து நகைக்கு: கொரிய நாட்டார் மரபும் வணிகப் பாத்திர வடிவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டார் வழக்காற்றில் வாழும் உருவங்களைப் பொம்மை, பதக்கம், குவளை முதலான நுகர்பொருள்களுக்குரிய பாத்திரங்களாக மாற்றும் முயற்சியில் கடந்த 40 ஆண்டுகளாகத் தென்கொரியா முனைந்து செயல்பட்டு வருகிறது. புலி, ஹேச்சி, தொக்கேபி, மறுவுலகத் தூதர் ஆகிய நான்கு உருவங்கள் இவ்வாறு மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சம், நகை என்னும் இரண்டும் அவற்றின் நிலைக்களன்களும் இவ்வாய்வுக்கு அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. இவ்வுருவங்கள் அச்சத்திலிருந்து நகைக்கு நகர்ந்தன என்று கூறுவது மட்டும் போதாது. நகைக்குள்ளேயே எள்ளலிலிருந்து இளமைக்கு ஒரு நகர்வு நிகழ்கிறது. மரபின் சமூகக் குரல் இழக்கப்படுவது இவ்விரண்டாம் நகர்வில்தான் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கொரிய நாட்டார் வழக்காறு, வணிகப் பாத்திரம், ஹோஜக்தோ, ஹேச்சி, தொக்கேபி, மெய்ப்பாடு, நகை, எள்ளல்.

முன்னுரை

நாட்டார் கதைகளில் வரும் விலங்கும் பேயும் காவல் தெய்வமும் ஒரு சமூகத்தின் அச்சங்களையும் விருப்பங்களையும் சுமந்து நிற்பவை. அவை ஒரு சாவிக்கொத்தில் தொங்கும் சிற்றுருவமாக மாறும்போது அவற்றின் பொருண்மைக்கு நேர்வது என்ன என்பது நாட்டார் வழக்காற்றியல் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும். ‘மரபு வாழ்கிறது’ என்று வரவேற்பதும் ‘மரபு விற்கப்படுகிறது’ என்று வருந்துவதும் எளிய விடைகள். எந்தக் கூறு எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது, அத்தேர்வைச் செய்தவர் யார் என்று ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே நோக்கினால்தான் விடை தெளிவுறும்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கொரியா ஏற்ற களமாகும். நாட்டார் கதை, ஓவியம், சடங்கு, ஆடை முதலியவற்றைப் ‘பண்பாட்டு மூலவடிவம்’ என்று வகைப்படுத்தி, விளையாட்டு, திரைப்படம், பாத்திர வடிவமைப்பு ஆகிய துறைகள் பயன்படுத்தும் வகையில் எண்ணிமத் தொகுப்புகளாக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. பொது நிறுவனங்களின் படங்களையும் தரவுகளையும் எவரும் எடுத்தாள வழிசெய்யும் ‘கோங்கோங்நூரி’ என்னும் உரிம முறை 2012 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே அங்கு வணிகப் பாத்திரம் தனிமனிதக் கற்பனையாக மட்டும் நிற்பதில்லை. அரசு, அருங்காட்சியகம், சந்தை, மக்கள் ஆகிய நான்கு தரப்பும் சேர்ந்து செய்யும் மரபு விளக்கமாக அது அமைகிறது.

ஆய்வு அணுகுமுறை

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும், நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கையும் தொல்காப்பியர் சுட்டுகிறார். கொரியச் சமூகத்திற்குத் தொல்காப்பியத்தோடு வரலாற்று உறவு உண்டு என்று இக்கட்டுரை கருதவில்லை. ஓர் உருவம் காண்போரிடம் எழுப்பும் உணர்வை அதன் காரணத்தோடு பகுத்துக் காட்டும் கருவியாக மட்டுமே இப்பாகுபாடு இங்குக் கொள்ளப்படுகிறது. ‘அழகியது’, ‘வேடிக்கையானது’ என்று பொதுப்படக் கூறுவதைக் காட்டிலும், இது எள்ளலால் பிறந்த நகையா, இளமையால் பிறந்த நகையா என்று வினவுவது பாத்திர வடிவாக்கத்தைத் துல்லியமாக அறிய உதவுகிறது.

புலி: விலங்கச்சமும் எள்ளலும்

மலைகள் மிகுந்த கொரியத் தீபகற்பத்தில் புலி மெய்யான அச்சமாக இருந்தது. புலியால் நேரும் கேட்டைக் குறிக்க ‘ஹோஹ்வான்’ என்னும் தனிச்சொல்லே வழங்கியது. அதே புலி மலைத்தெய்வத்தின் துணையாகவும் ஓவியங்களில் இடம்பெற்றது. கதைகளில் அதன் இயல்பு மேலும் விரிகிறது. ஞாயிறும் திங்களும் ஆன உடன்பிறப்புகளின் கதையில், அரிசிப் பணியாரம் கேட்டு வழிமறித்துத் தாயை விழுங்கும் கொடிய விலங்காகப் புலி வருகிறது. உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழக் கதையிலோ அது நகைப்புக்குரியதாகிறது. புலி வந்திருக்கிறது என்று தாய் சொல்லியும் அழுகையை நிறுத்தாத குழந்தை, பழத்தின் பெயரைக் கேட்டதும் அடங்குகிறது. அப்பழம் தன்னிலும் கொடிய விலங்கு போலும் என்று வெளியே நிற்கும் புலி அஞ்சி ஓடுகிறது. கேட்டதை ஆராயாமல் மெய்யெனக் கொள்ளும் மடமையால் பிறந்த நகை இது.

ஜோசன் காலத்தின் பிற்பகுதியில் பரவிய ‘மின்ஹ்வா’ எனப்படும் மக்கள் ஓவியங்களில் இந்நகை எள்ளலாக வளர்ந்தது. ‘ஹோஜக்தோ’ என்னும் ஓவியவகையில் பைன் மரக்கிளையில் ஒரு மேக்பை பறவையும் அடியில் ஒரு புலியும் அமர்ந்திருக்கும். நற்செய்தி கொணரும் பறவை என்று கருதப்பட்ட மேக்பையும் தீமையை விரட்டும் புலியும் சேர்ந்த இவ்வோவியம் புத்தாண்டில் வீட்டில் ஒட்டப்பட்டது. சிறுத்தையையும் மேக்பையையும் சேர்த்து வரைந்து, அவற்றின் பெயரொலியால் நற்செய்தியைக் குறிக்கும் சீன ஓவிய மரபு இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஹோஜக்தோப் புலிகள் பலவற்றின் உடலில் புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிகளும் கலந்திருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

இப்புலியின் விழிகள் ஒன்றோடொன்று இசையாமல் உருளும், வாய் இளிக்கும், கிளையிலிருக்கும் சிறு பறவையை அது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதிகாரம் கொண்ட யாங்பான் மேல்வகுப்பினரைப் புலியாகவும் எளிய மக்களைப் பறவையாகவும் கொள்ளும் விளக்கம் இன்று பெருவழக்காக உள்ளது. வரைந்தவர் அனைவரும் அந்நோக்கத்தோடுதான் வரைந்தனர் என்று நிறுவுவது அரிது. எனினும் அஞ்சத்தக்கதை அஞ்சாமல் பார்க்கும் பார்வை அவ்வோவியத்தின் கோட்டிலேயே உள்ளது என்பது தெளிவு.

ஹோதோரி முதல் சூஹோராங் வரை

1988 சியோல் ஒலிம்பிக்கின் சின்னமான ‘ஹோதோரி’ என்னும் புலிக்குட்டியை கிம் ஹ்யூன் வடிவமைத்தார். பொதுமக்கள் அனுப்பிய பெயர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இப்பெயர், புலியைக் குறிக்கும் ‘ஹோராங்கி’ என்னும் சொல்லின் முதலசையோடு சிறுவர் பெயர்களில் வரும் ‘தோரி’ என்னும் ஈறு சேர்ந்து அமைந்தது. அதன் தலையிலுள்ள ‘சங்மோ’ என்னும் தொப்பி, உழவர் இசையான ‘நோங்கக்’ ஆடுவோர் அணிவது. அத்தொப்பியின் நீண்ட நாடா சியோல் நகர்ப்பெயரின் முதல் உரோம எழுத்து வடிவில் சுழல்கிறது.

இங்கு இரு செயல்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்று, புலி குட்டியாக்கப்பட்டது. நகையின் நிலைக்களன் எள்ளலிலிருந்து இளமைக்கு மாறியது. மற்றொன்று, விட்ட இடத்தை நிரப்ப உழவர் ஆட்டத்தின் தொப்பி வந்தது. முகத்தில் இழந்த நாட்டார் தன்மையை வடிவமைப்பாளர் அணிகலனில் மீட்டார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தென்கொரிய மலைகளிலிருந்து காட்டுப்புலி மறைந்துவிட்டது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். அச்சம் தரும் விலங்கு இல்லாத நிலத்தில்தான் அதன் குட்டி நாட்டின் முகமாயிற்று.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் ‘சூஹோராங்’ ஒரு வெள்ளைப்புலி. ‘சூஹோ’ என்பது காப்பைக் குறிக்கும் சொல். ‘ராங்’ என்பது ஹோராங்கியையும் அம்மாநிலத்து ஜோங்சோன் அரிராங் பாடலையும் ஒருசேர நினைவூட்டுவது. போட்டிக் களத்திலேயே வெற்றியாளர்களுக்கு அளிக்கப்பட்ட சூஹோராங் பொம்மையின் தலையில் ‘ஓசாஹ்வா’ என்னும் தாள்மலர் சூட்டப்பட்டிருந்தது. ஜோசன் அரசில் ஆட்சிப்பணித் தேர்வில் தேறியவர்க்கு மன்னர் அளித்த மலர் அது. விற்பனைப் பொம்மையும் பரிசுப் பொம்மையும் உருவால் ஒன்றே. தாள்மலர் ஒன்றே அவற்றைப் பொருளால் வேறுபடுத்துகிறது.

2018 மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கின் சின்னம் ‘பந்தாபி’ என்னும் ஆசியக் கருங்கரடி. 1988இலும் அப்போட்டிக்குக் கரடி இணையே சின்னமாயிற்று. புலியும் கரடியும் அடுத்தடுத்து நிற்கும் இக்காட்சி, 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் தொகுத்த ‘சம்குக் யூசா’ நூலில் உள்ள தங்குன் தொன்மத்தை நினைவூட்டுகிறது. மனிதராக விரும்பிய புலிக்கும் கரடிக்கும் மாசிபத்திரியும் பூண்டும் மட்டும் உண்டு குகையில் இருக்குமாறு விதிக்கப்பட்டது. புலி பொறுக்காமல் வெளியேறியது. பொறுத்த கரடி பெண்ணாகி, நாட்டை நிறுவிய தங்குனுக்குத் தாயாயிற்று. தொன்மத்தில் வென்றது கரடி. ஒலிம்பிக் சின்ன வரிசையில் முதலிடம் புலிக்கு. மூலத்தின் மதிப்பு வரிசையைச் சின்ன வடிவாக்கம் எவ்வளவு எளிதாக மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஹேச்சி: நடுவர் விலங்கு நகரப் பொம்மையாதல்

ஹேச்சி அல்லது ஹேதே எனப்படும் கற்பனை விலங்கு நன்மை தீமையைப் பகுத்தறிவது, தவறிழைத்தவரைத் தாக்குவது. ஜோசன் அரசில் அதிகாரிகளின் நடத்தையைக் கண்காணித்த ‘சாஹோன்பு’ என்னும் துறையின் தலைவர் ஹேச்சி உருவம் பொறித்த ஆடைப்பட்டையை அணிந்தார். 1592ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது எரிந்த கியோங்போக் அரண்மனை 1860களில் மீண்டும் எழுந்தபோது, அதன் குவாங்ஹ்வாமுன் வாயிலில் இரு கல் ஹேச்சிகள் நிறுத்தப்பட்டன. தெற்கேயுள்ள குவானாக் மலையின் தீத்தன்மையை அவை தடுக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. இவ்வாறு ஹேச்சி எழுப்பிய அச்சம் இறையச்சத்தின் பாற்பட்டது. ஆயினும் அது குடிகளைக் காட்டிலும் ஆட்சியாளரை நோக்கிய அச்சமாகும்.

சியோல் மாநகர அரசு 2008இல் ஹேச்சியை நகரச் சின்னமாக அறிவித்து, இலையுதிர்காலக் கிங்கோ இலையின் மஞ்சள் நிறத்தில் பாத்திரமாக்கியது. 2024இல் அது இளஞ்சிவப்பு நிறமுள்ள குழந்தையுருவாக மறுவடிவம் பெற்றது. நீல நாகம், செம்பறவை, வெண்புலி, பாம்பு சுற்றிய கருவாமை ஆகிய நாற்றிசைக் காவல் உருவங்கள் அதன் தோழர்களாயின. ஐந்திசைக்கு ஐந்நிறம் கொள்ளும் ‘ஓபாங்சேக்’ மரபில் நடுத்திசைக்குரிய நிறம் மஞ்சள். நாற்றிசைக் காவலர் சூழ நடுவே நிற்கும் ஹேச்சிக்கு முந்தைய மஞ்சள் நிறம் அம்மரபோடு இயைந்திருக்கும். இளஞ்சிவப்பால் கடையிலும் திரையிலும் எளிதில் கண்ணில் படும் பயன் கிடைத்தது. திசைநிற ஒழுங்கு கைவிடப்பட்டது.

நிறத்தைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறொன்று. அதிகாரியின் குற்றத்தைக் கண்டறியும் விலங்கு, அதிகார அமைப்பின் விளம்பரத் தூதுவராகிவிட்டது. தீயவற்றிலிருந்து காக்கும் பண்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆள்வோரைத் தீர்ப்பிடும் பண்பு பின்தள்ளப்பட்டது. ஓர் அரசு நிறுவனம் தன் சின்னத்தைத் தானே வடிவமைக்கும்போது இத்தேர்வு தற்செயலானது என்று கருதுவதற்கில்லை.

தொக்கேபியும் மறுவுலகத் தூதரும்: பாடத்தேர்வுச் சிக்கல்

தொக்கேபி என்பது அணங்கு வகையைச் சார்ந்த உருவம். இறந்தோர் ஆவியிலிருந்து இது வேறுபட்டது. மனிதர் பயன்படுத்தி எறிந்த துடைப்பம், உலக்கை முதலிய பழம்பொருள்கள் தொக்கேபி ஆகும் என்பது வழக்கு. வேண்டியதைத் தரும் தடி, அணிந்தாரை மறைக்கும் தொப்பி, மல்யுத்த விருப்பம், மரக்கோதுமைக் கூழ்க்கட்டியின் மேல் வேட்கை ஆகியவை இதன் அடையாளங்கள். இவ்வழக்குகள் தொக்கேபியின் செயலை நிறையச் சொல்கின்றன. உருவத்தை உறுதியாகச் சொல்வதில்லை.

பாத்திரம் வடிவமைப்பவர்க்கோ உருவம் வேண்டும். கொம்பும் முட்தடியும் விலங்குத்தோலும் கொண்ட தொக்கேபிப் படம் 20ஆம் நூற்றாண்டுச் சிறுவர் நூல்களில் பரவியிருந்தது. சப்பானிய ‘ஓனி’ உருவம், ஆதிக்கக் காலப் பாடநூலில் இடம்பெற்ற கழலைக் கிழவன் கதையின் படங்கள் வழியாகக் கொரியத் தொக்கேபியின் மேல் படிந்தது என்று ஆய்வாளர் பலர் வாதிடுகின்றனர். பழங்கூரை ஓடுகளிலுள்ள கொம்புடைய முகங்களைக் காட்டி மறுப்போரும் உளர். அவ்வோட்டு முகம் தொக்கேபிதானா என்பதே வேறொரு வினா. 2002 உலகக் கோப்பைக் காலத்தில் கால்பந்து ஆதரவாளர்களின் செந்நிறக் கொடிகளில் இடம்பெற்ற முகம் அவ்வோட்டு முக மரபைச் சார்ந்தது. 2016இல் ஒளிபரப்பாகிய ‘தொக்கேபி’ தொலைக்காட்சித் தொடர் கொம்பையே விலக்கி, மனித உருவம் கொண்ட நாயகனைப் படைத்தது. எனினும் மரக்கோதுமை மலர் வழியாகப் பழைய உணவு வழக்கின் இழையைப் பேணியது.

மறுவுலகத் தூதரின் நிலையும் இதுவே. கருநிற அங்கியும் ‘கத்’ என்னும் கருந்தொப்பியும் அணிந்த வெளிறிய முகத்தூதர் இன்று மரபுருவமாகவே கருதப்படுகிறார். பழைய பௌத்த ஓவியங்களிலோ தூதர்கள் வண்ண ஆடையும் படைக்கலமும் கொண்டவர்கள். கருநிற உருவம் நிலைபெற்றது, 1977இல் தொடங்கிய ‘ஜோன்சோல்லுய் கோஹ்யாங்’ என்னும் தொலைக்காட்சித் தொடரால் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அரைநூற்றாண்டு வயதுடைய திரைவடிவம் பன்னூற்றாண்டு மரபாக எண்ணப்படுகிறது.

இவ்விடத்தில் வடிவமைப்பாளரின் பணி பதிப்பாசிரியரின் பணியை ஒத்திருக்கிறது. பல சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்கிறார். விலக்கிய பாடங்களை அடிக்குறிப்பில் காட்டுகிறார். வடிவமைப்பாளரும் பல உருவங்களுள் ஒன்றைத் தேர்கிறார். ஆனால் ஒரு பொம்மைக்கு அடிக்குறிப்பு இல்லை. விலக்கப்பட்ட வடிவங்கள் நுகர்வோர் அறியாமலே மறைகின்றன. இலட்சக்கணக்கில் அச்சாகும் ஓருருவம் மூலபாடமாகிவிடுகிறது.

அருங்காட்சியகப் பொருள்: எள்ளலின் மீட்சி

கொரியத் தேசிய அருங்காட்சியகம் ‘மியூட்ஸ்’ என்னும் பெயரில் தன் சேகரிப்புகளை அடியொற்றிய பொருள்களை விற்கிறது. பொது அழைப்பு வழியாக வெளி வடிவமைப்பாளர்களின் ஆக்கங்களையும் ஏற்கிறது. அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, கிம் ஹோங்தோ வரைந்ததாகக் கொள்ளப்படும் பியோங்கான் ஆளுநர் விருந்தோவியத்திலுள்ள மதுவுண்ட அறிஞர் உருவங்களைத் தாங்கிய குவளை. குளிர்ந்த பானம் ஊற்றியதும் அவ்வறிஞர்களின் முகம் சிவக்கும். ஓவியன் ஒரு மூலையில் வைத்த எள்ளல், வெப்பத்திற்கேற்ப நிறம் மாறும் மையின் வழியாகப் பயன்படுத்துவோர் கையிலேயே நிகழ்கிறது. இங்கு உருவத்தை விட, ஓவியத்தின் குறும்பு பொருளாக்கப்பட்டுள்ளது.

மற்றொன்று, ஹோஜக்தோவை அடியொற்றிய புலி-மேக்பை பதக்கம். 2025 ஜூன் 20 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘கே-பாப் டீமன் ஹண்டர்ஸ்’ என்னும் அசைவூட்டப் படத்தில் ஹோஜக்தோவை நினைவூட்டும் நீலப்புலியும் பல கண்களுடைய பறவையும் வருகின்றன. படம் பரவிய பின் அருங்காட்சியகப் பதக்கம் விற்றுத் தீர்ந்தது. அவ்வாண்டில் அருங்காட்சியகப் பார்வையாளர் எண்ணிக்கை முதன்முறையாக 50 இலட்சத்தைக் கடந்தது. பதக்கம் படத்தின் உரிமப் பொருள் அன்று. இரண்டும் எவருக்கும் உரிமையற்ற, எல்லோருக்கும் உரிய ஒரே நாட்டார் மூலத்திலிருந்து தனித்தனியே பிறந்தவை.

அப்படத்தில் ஒரு நுட்பம் உண்டு. கற்றோரும் உயர்நிலையோரும் அணியும் கத் தொப்பி புலிக்கென்று செய்யப்பட்டது. ஆனால் பறவை அதைக் கவர்ந்து அணிந்துகொள்கிறது. தொப்பியை இழந்த புலி இளித்தபடி நிற்கிறது. மேல்வகுப்பின் அடையாளம் கிளையிலிருக்கும் எளிய பறவையிடம் சென்றுவிட்டது. ஹோஜக்தோவின் எள்ளலை விளக்கவுரை ஏதுமின்றி இந்நிகழ்வு மீட்டுத் தருகிறது. புலியின் இசையாத விழிகளும் திருத்தப்படாமல் காக்கப்பட்டுள்ளன. ‘பிழை’ என்று தோன்றும் கூறே பொருளைச் சுமக்கும் கூறு என்பதை உணர்ந்த வடிவாக்கம் இது.

வடிவாக்க நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, சுருக்கம். சிறு பதக்கத்தில் எல்லாக் கோடுகளும் அமையா. எதை நீக்கினாலும் உருவம் நிற்கும், எதை நீக்கினால் பொருள் சாயும் என்று பிரித்தறிவது முதற்பணி. ஹோஜக்தோப் புலியில் வரிகளின் எண்ணிக்கை குறையலாம்; விழியின் கோணல் குறையலாகாது.

இரண்டாவது, உறவு. நாட்டார் உருவம் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. பறவை இல்லாத ஹோஜக்தோப் புலி வெறும் வேடிக்கைப் புலி. தனியுருவம் விற்பனைக்கு எளிது; இணையுருவமே பொருளைக் காப்பது.

மூன்றாவது, செயல். தொக்கேபி போன்று உருவம் உறுதிப்படாதவற்றில் செயலையே அடிப்படையாகக் கொள்வது தகும். பழந்துடைப்பத்திலிருந்து எழும் தொக்கேபி, கொம்புள்ள தொக்கேபியைக் காட்டிலும் வழக்காற்றுக்கு நெருக்கமானது.

நான்காவது, சான்று. பொருளோடு வரும் சிற்றட்டையில் மூல ஓவியம், காலம், வேறு வடிவங்கள் ஆகியவற்றை இரண்டு வரிகளில் கூறலாம். பொம்மைக்கு அடிக்குறிப்பு இல்லை என்னும் குறையை அது ஓரளவு நீக்கும்.

முடிவுரை

கொரிய வணிகப் பாத்திரங்கள் அச்சத்தை நகையாக்கியது நாட்டார் மரபுக்கு எதிரான செயலன்று. புலியைப் பார்த்து நகைப்பதை அம்மக்கள் வணிக நிறுவனங்களிடம் கற்கவில்லை. தம் கதைகளிலும் புத்தாண்டு ஓவியங்களிலும் அவர்களே அதைச் செய்தனர். இழப்பு நேர்வது எள்ளலின் இடத்தை இளமை முழுமையாகக் கைக்கொள்ளும்போதுதான். ஹோதோரியும் இளஞ்சிவப்பு ஹேச்சியும் அன்புக்குரியவை. ஆனால் எவரையும் கேள்வி கேட்பதில்லை. சிவக்கும் முகத்து அறிஞர் குவளையும் தொப்பியணிந்த பறவையும் அன்புக்குரியவையாக இருந்தே கேள்வி கேட்கின்றன. அவை சந்தையிலும் வென்றுள்ளன என்பதால், எள்ளலை நீக்கினால்தான் விற்கும் என்னும் கருத்து நிலைநிற்கவில்லை.

ஓர் உருவம் எவ்வளவு தொன்மையானது என்று வினவுவதோடு நில்லாமல், அது யாரைப் பார்த்து நகைத்தது, இப்போது யாருக்காக நகைக்கிறது என்று வினவுவதே நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் இத்துறைக்கு அளிக்கக்கூடிய பங்களிப்பு. அவ்வினாவுக்கு விடை கூறவல்ல பொம்மையில் மரபு வாழ்கிறது. விடை இல்லாத பொம்மையில் அதன் தோல் மட்டுமே எஞ்சுகிறது.